எண்ணெய்தானே என்று சொல்லாதீர்கள்

(மாமல்லபுரத்தில் மாணவர்கள், தொழிலாளர்கள், பொதுமக்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

மாமல்லபுரத்துக்குப் பேச வருகிறவர்கள் கல்லைப் பற்றிப் பேசுவார்கள். நான் எண்ணெயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விமானத்துக்கு ஊற்றுகிற எண்ணெய், விமானத்துக்கு அடிக்கிற கிரீஸ். நல்ல தமிழில் மசகு. முப்பத்தைந்து ஆண்டுகள் விமானப் பராமரிப்பில் கையை அழுக்காக்கிக்கொண்டவன் நான். அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நான் கற்றதில் பாதி, இதோ இந்த மேசைமேல் இருக்கிற இரண்டு சின்ன டப்பாக்களுக்குள் அடங்கும். ஒன்றில் சிவப்பு கிரீஸ், இன்னொன்றில் பச்சை கிரீஸ். அவற்றைப் பிறகு திறக்கிறேன்.

வரும் வழியில் ஐந்து ரதங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. சக்கரம் இல்லை, அச்சு இல்லை, ஓட்டம் இல்லை. அதனால் தேய்மானமும் இல்லை. நகராத தேருக்கு மசகு எதற்கு? ஆனால் நகர்கிற தேர் ஒன்றைச் சொல்லுங்கள், மசகு கேட்காத தேர் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்!

நான் பிறந்தது திருக்கழுக்குன்றம். என் தாத்தாவிடம் ஒற்றை மாட்டு வண்டி ஒன்று இருந்தது. செங்கல்பட்டுக்கு நெல் மூட்டை ஏற்றிப் போவார். வண்டி கிளம்புவதற்கு முதல் நாள் மாலை ஒரு சடங்கு மாதிரி அந்த வேலை நடக்கும். வைக்கோலைக் கொளுத்திக் கரியாக்குவார். கரியை நுணுக்கிச் சலிப்பார். அதில் விளக்கெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைப்பார். விரலில் எடுத்தால் ஒழுகக் கூடாது, உதிரவும் கூடாது. அந்தப் பதம் வந்ததும் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை இழுத்து, இருசில் அந்த மையைப் பூசுவார். மிச்சத்தை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிடுவார். வழியில் சக்கரம் கத்தினால் அதிலிருந்து எடுத்துப் பூசுவதற்கு.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். ஒருநாள் தாத்தாவுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, சமையற்கட்டிலிருந்து கடலெண்ணெயைத் தூக்கிப்போய் இரண்டு சக்கரத்துக்கும் ஊற்றிவிட்டேன். செங்கல்பட்டுக்குப் பாதி வழி போவதற்குள் சக்கரம் அலற ஆரம்பித்தது. மாடு மிரண்டது. தாத்தா இறங்கிப் பார்த்தார். எண்ணெய் முழுக்க வெயிலில் இளகி வழிந்து சாலையில் போயிருந்தது. "எண்ணெய்தானே தாத்தா?" என்றேன். "அடுப்புக்கு வெச்ச எண்ணெய அச்சுக்கு ஊத்தினியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். சாலையோரத்தில் உட்கார்ந்து இருசைத் துணியால் துடைத்து, குழாயிலிருந்த மையை எடுத்துப் பூசினார்.

பிற்பாடு லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது, தாத்தா செய்தது அசல் கிரீஸ். கிரீஸ் என்றால் என்ன? எண்ணெய் ஒன்று, அந்த எண்ணெயை ஓடவிடாமல் பிடித்துவைக்கும் பொருள் ஒன்று. இரண்டும் சேர்ந்ததுதான் கிரீஸ். பஞ்சு தண்ணீரைப் பிடித்துவைப்பதைப்போல அந்தப் பொருள் எண்ணெயைப் பிடித்துவைத்து, தேய்கிற இடத்தில் தேவைக்குத் தேவை கசிய விடும். தாத்தாவின் பஞ்சு வைக்கோல் கரி. இந்தச் சிவப்பு டப்பாவில் இருப்பதில் அது ஒருவகைக் களிமண். பச்சை டப்பாவில் லித்தியம் சோப்பு. சோப்பு என்றதும் குளிக்கிற சோப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வேதியியலில் அதற்குப் பெயர் அது.

அந்த விளக்கெண்ணெயை விட்டு இன்னும் நகர எனக்கு மனம் வரவில்லை. நம் கொல்லையில் காய்க்கிற ஆமணக்கு விமானத்தை ஓட்டியிருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றில் சுழல் எஞ்சின்கள் இருந்தன. நோம், லெ ரோன், கிளெர்ஜெ என்று பெயர்கள். அவற்றில் உள்ளே தண்டு நிற்கும், சிலிண்டர்கள் மொத்தமும் அதைச் சுற்றிச் சுழலும்! பெட்ரோல் ஆவி எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்துதான் சிலிண்டருக்குப் போக வேண்டும். பூமியிலிருந்து எடுத்த சாதாரண எண்ணெயை அங்கே விட்டால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் லேசில் கரையாது. ஆகவே அந்த எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் என்று எழுதி வைத்தார்கள். எரியாத எண்ணெய் புகையாக வெளியே வரும். அதை முகத்தில் வாங்கி, மூச்சில் வாங்கி, விமானிகளுக்கு வயிற்றுப்போக்கே வந்தது. இருந்தும் மாற்றவில்லை. மாற்றினால் எஞ்சின் நின்றுவிடும். நேச நாடுகளின் ஆமணக்குத் தேவைக்கு அன்று பெரும் ஆதாரமாக இருந்தது இந்தியா.

அதே விளக்கெண்ணெயை இன்றைய ஜெட் எஞ்சினில் ஊற்றினால்? சூட்டில் பிசினாகும், கரியாகும், குழாயை அடைக்கும். எண்ணெயில் நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இந்த இடத்துக்கு இது என்று சொல்லத்தான் முடியும்.

நம் மாவட்டத்துக்கும் விமானத்துக்கும் என்ன உறவு என்று சிலர் நினைக்கலாம். 1910-ல் சென்னையில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியில் கட்டிய விமானத்தை முதலில் ஓட்டிப் பார்த்தது எங்கே? பல்லாவரத்தில். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணில். 1949-ல் தொழிலதிபர் சி. ராஜம் அவர்கள் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியைத் தொடங்கியது எங்கே? குரோம்பேட்டையில். அங்கே காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்துல் கலாம் என்ற மாணவர் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். விமானப் படையின் மெக்கானிக்குகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிலையம் எங்கே இருக்கிறது? தாம்பரத்தில். இந்தக் கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் பயிற்சி விமானம் ஒன்றாவது கண்ணில் படும். இன்று இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் நாலு பேராவது நாளைக்கு விமானம் பழுதுபார்க்கிற ஹாங்கருக்குள் போவீர்கள். உங்களுக்காகத்தான் பேசுகிறேன்.

சரி, மசகு என்னதான் செய்கிறது? கண்ணாடி மாதிரி மின்னுகிற ஒரு பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் செங்கல்பட்டைச் சுற்றியுள்ள குன்றுகளைப்போல மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு பரப்புகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஓடுகின்றன. மேடும் மேடும் மோதாமல் நடுவில் நிற்பது எண்ணெய்ப் படலம். தலைமுடியின் பருமனில் பல பங்கில் ஒரு பங்குதான் அதன் கனம். அந்த மெல்லிய படலத்தின்மேல்தான் ஐயா, நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு விமானம் பறக்கிறது!

மார்கழி மாதக் காலையில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் என்ன ஆகிறது? உறைந்துவிடுகிறது. பாட்டிலை வெயிலில் வைக்கிறோம். மார்கழிக் குளிருக்கே இந்தக் கதி. கத்திரி வெயிலில் மீனம்பாக்கம் ஓடுதளத்தில் நாற்பது டிகிரி. அங்கிருந்து கிளம்பிய விமானம் அரை மணி நேரத்தில் 35,000 அடிக்குப் போய்விடுகிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது, ஐம்பது டிகிரி. அதே நேரத்தில் எஞ்சினுக்குள் பேரிங் பக்கத்தில் எண்ணெய் கொதிநீரைவிடச் சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே உறையக் கூடாது, இங்கே கருகக் கூடாது. கிணற்றிலிருந்து எடுத்த எந்த எண்ணெயும் இதைத் தாங்காது என்பதால்தான் ஜெட் எஞ்சினுக்கு எஸ்டர் என்ற வகையில் செயற்கையாக எண்ணெய் செய்கிறார்கள். பயணிகள் ஜெட் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒத்துக்கொண்ட தர எண் எம்.ஐ.எல்.-பி.ஆர்.எஃப்.-23699. மாணவர்களே, எழுதிக்கொள்ளுங்கள். டின்னின்மேல் நிறம் மாறும், கம்பெனி மாறும், படம் மாறும். நீங்கள் தேட வேண்டியது அந்த எண்ணை.

இந்த எண்ணெய்க்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் மெல்ல மெல்ல அமிலமாகும். நம் கடற்கரை ஊர்களின் காற்று எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. திறந்து வைத்த அப்பளம் ஒரு மணி நேரத்தில் நமத்துப்போகிற காற்று. ஆகையால் டின்னைத் திறந்தால் ஊற்ற வேண்டியதை ஊற்றிவிட்டு மிச்சத்தைக் கழித்துவிட வேண்டும். ஒரு டின்னில் ஒரு குவார்ட், 946 மில்லி. பாதி மிஞ்சியிருக்கும். "நாளைக்கு ஆகும் சார், வீணாக்க வேண்டாம்" என்று புதிதாக வருகிற பையன்கள் மூடி வைப்பார்கள். சிக்கனமாக வளர்ந்த பிள்ளைகள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வந்ததில்லை. ஆனால் அந்த டின்னை வாங்கிக் கழிவு டிரம்மில் அவர்கள் கண்முன்னே கவிழ்ப்பேன்.

ஹைட்ராலிக் எண்ணெயிலும் இந்த இடத்துக்கு இது என்கிற அதே கதைதான். பெரிய பயணிகள் விமானங்களில் ஊதா நிறத்தில் ஓடுகிற ஸ்கைட்ரால் ஒரு வகை. சிறிய விமானங்களில், பழைய விமானங்களில் ஓடுகிற சிவப்பு நிற எண்ணெய் இன்னொரு வகை. ஒன்றுக்குப் பொருந்துகிற ரப்பர் சீல் மற்றதில் ஊறி உப்பிவிடும். பிரேக்கிலும் சக்கரக் காலிலும் இருக்கிற சீல் உப்பினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்? ஆக்சிஜன் குழாய் இணைப்பு இன்னும் மோசம். அங்கே சாதாரண எண்ணெயோ கிரீஸோ ஒரு துளி பட்டாலும் தீப்பற்றிவிடலாம். அதற்கென்று தனியாக இருக்கிற பொருளைத் தவிர வேறு எதுவும் அந்தப் பக்கமே போகக் கூடாது. கைவிரலில் ஒட்டியிருக்கிற பிசுக்குகூட!

விலை உயர்ந்த எண்ணெய் போட்டால் நல்லதுதானே என்று ஒரு கேள்வி வரும். பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மொபில் ஏவி 1 என்று சிறிய விமானங்களின் பிஸ்டன் எஞ்சினுக்கு முழுக்கச் செயற்கை எண்ணெய் ஒன்று வந்தது. உயர்ந்த சரக்கு. ஆனால் அந்த எஞ்சின்கள் குடிக்கிற பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். எரிந்த ஈயத்தைத் தன்னோடு கரைத்துச் சுமக்கிற குணம் பழைய எண்ணெய்க்கு இருந்தது. இதற்கு இல்லை. ஈயம் சேறாகப் படிந்தது. எஞ்சின்கள் கெட்டன. 1990களில் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்கூடம் வைத்துச் செய்தவர்களுக்கே இப்படி என்றால், "அதே மாதிரிதான் சார் இதுவும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி நாம் ஊற்றலாமா?

இப்போது ஒரு பெரிய துயரத்தைச் சொல்லப் போகிறேன். 2000-ம் ஆண்டு ஜனவரி 31. மெக்சிகோவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வழியாக சியாட்டில் போக வேண்டிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261. எம்.டி.-83 ரக விமானம். உள்ளே 88 பேர். கலிஃபோர்னியா கரையோரம் பசிபிக் கடலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

ஏன் விழுந்தது? பஞ்சரானால் காரைத் தூக்குகிற ஜாக்கியைப் பார்த்திருக்கிறீர்கள். நீளமான திருகாணி, அதில் ஓடுகிற நட்டு. அந்த விமானத்தின் வால் இறக்கையை மேலும் கீழும் சாய்ப்பது அப்படி ஒரு திருகாணிதான். திருகாணி எஃகு. நட்டு அதைவிட மென்மையான வெண்கலக் கலவை. இரண்டுக்கும் நடுவில் கிரீஸ் இருக்க வேண்டும். கடலடியிலிருந்து அந்தத் திருகாணியை எடுத்தபோது அதன்மேல் மெல்லிய கம்பி சுற்றியதுபோல ஏதோ சுற்றியிருந்தது. என்னவென்று பார்த்தார்கள். நட்டின் மரை! உள்ளே இருக்க வேண்டிய மரை முழுவதும் தேய்ந்து, அறுந்து, சுருளாகித் திருகாணியில் சுற்றிக்கொண்டிருந்தது. திருகாணியின் ஓடுகிற பகுதியில் வேலைக்கு ஆகிற கிரீஸ் இல்லை. கிரீஸ் அடிக்கிற துளை காய்ந்த கசடால் அடைபட்டிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த நிறுவனம் சிவப்பு கிரீஸிலிருந்து பச்சை கிரீஸுக்கு மாறியிருந்தது. இதோ இந்த இரண்டு டப்பாக்களிலும் இருக்கிற அதே ரகங்கள்: மொபில்கிரீஸ் 28, ஏரோஷெல் 33. "தவறான கிரீஸ்தான் 88 பேரைக் கொன்றது" என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. விபத்தை விசாரித்த வாரியம் இரண்டு கிரீஸையும் தனித்தனியாகவும் கலந்தும் வைத்து விரிவாகச் சோதித்தது. கிரீஸை மாற்றியது அந்தத் தேய்மானத்துக்குக் காரணமில்லை என்று சொன்னது. கிரீஸ் போதிய அளவு இல்லாததுதான் காரணம் என்றது.

எப்படி இல்லாமல் போயிற்று? 1987-ல் 500 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை அந்த இடத்தில் கிரீஸ் அடித்தார்கள். படிப்படியாக அந்த இடைவெளியை நீட்டினார்கள். 1996-ல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆயிற்று. ஏறக்குறைய 2,550 மணி நேரம்! ஒவ்வொரு நீட்டிப்புக்கும் தாளில் ஒரு நியாயம் இருந்தது. இன்னொன்றையும் கேளுங்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய நான்கு மணி நேரம் ஆகும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. கடைசியாகச் செய்தவர் தனக்கு ஒரு மணி நேரம் ஆனதாகச் சொன்னார். கை விடுகிற திறப்போ மிகச் சிறியது. உள்ளே கை போனால் கண்ணுக்குத் தெரியாது.

நண்பர்களே, நானும் அந்த மாதிரி இடுக்குகளில் கைவிட்டவன். பின்னிரவு மூன்று மணிக்கு, தோள்வரை உள்ளே விட்டு, விரல்நுனியால் கிரீஸ் புகுத்துகிற நிப்பிளைத் தேடி, கிரீஸ் கன்னை மாட்டி, அழுத்தி, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வருகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது வராவிட்டால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். ஆனால் தாளில் டிக் அடிக்க வெளிச்சம் போதும். இதை நான் அந்த மனிதரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் கைவிட்டவனுக்குத்தான் தெரியும், அந்த டிக் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று.

இன்னொரு நிகழ்ச்சி, இது உயிர் தப்பிய கதை. 1983 மே 5. மயாமியிலிருந்து நாசோ நகருக்குப் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855. மூன்று எஞ்சின், 172 பேர். எஞ்சின் எண்ணெயில் காந்தச் செருகி ஒன்று இருக்கும். உள்ளே உலோகத் துகள் உதிர்ந்தால் அதைப் பிடித்து நமக்குக் காட்டும். எங்கள் தொழிலின் நாடி பார்க்கிற கருவி அது. முந்தைய இரவில் மூன்று எஞ்சினிலும் அந்தச் செருகியை மாற்றினார்கள். வழக்கமாக அது ரப்பர் வளையம் மாட்டியபடியே கைக்கு வரும். அன்றைக்கு ஸ்டோரிலிருந்து வளையம் இல்லாமல் வந்தது. யாரும் கவனிக்கவில்லை. வேலைத் தாளில் "வளையம் பொருத்தப்பட்டது" என்ற வரிக்குக் கையெழுத்து மட்டும் விழுந்தது. வானத்தில் மூன்று எஞ்சினிலிருந்தும் எண்ணெய் ஒழுகிற்று. மூன்று மீட்டரும் பூஜ்யம் காட்டின. மூன்றும் ஒன்றாகப் பூஜ்யமா, மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று விமானிகளே நினைத்தார்கள். யார்தான் நம்புவார்கள்? பிறகு ஒவ்வொன்றாக நின்றது. கடலில் இறங்கப் போகிறோம் என்று பயணிகளுக்குச் சொல்லியாயிற்று. முதலில் தாங்களாகவே நிறுத்திய எஞ்சினைக் கடைசி நேரத்தில் மறுபடி கிளப்பி, அந்த ஒன்றை மட்டும் வைத்து மயாமியில் இறக்கினார்கள். 172 பேரும் பிழைத்தார்கள்.

சில ரூபாய் விலையுள்ள வளையம்!

இந்தக் கதையைச் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மீனவ நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். படகில் என்னைக் கூட்டிப்போனவர். கிளம்புமுன் அவுட்போர்டு எஞ்சினுக்கு ஆயில் கலந்தார். கேனில் கோடு போட்டு வைத்திருக்கிறார். அந்தக் கோடு வரைக்கும் எரிபொருள், இந்த மூடி அளவுக்கு டூ-டி ஆயில். "பைக்குக்குப் போடுற ஆயில் வீட்டுல கெடக்குமே, அத ஊத்துனா ஆகாதா அண்ணே?" என்று வேண்டுமென்றே கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரோட்டுல நின்னா தள்ளிக்கினு போலாம் சார். நடுக்கடல்ல நின்னா யார் தள்றது?" என்றார். எங்கள் ஹாங்கரில் எழுதி மாட்டியிருந்த எந்த வாசகமும் எனக்கு அவ்வளவு நேராக விஷயத்தைச் சொன்னதில்லை.

இப்போது என் சொந்தக் கதை. இதைச் சொல்லத்தான் இந்த டப்பாக்களைக் கொண்டுவந்தேன்.

எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு. எந்த ஹாங்கர், எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். தவறு என்னுடையது. இரவு ஷிப்ட். விமானத்தின் சக்கரக் காலில் இருக்கிற இணைப்புகளுக்கு கிரீஸ் அடிக்கிற வேலை. சுவரில் இரண்டு கிரீஸ் கன் தொங்கும். அவசரம், தூக்கம், மறுநாள் காலை ஆறு மணிக்கு விமானம் கிளம்ப வேண்டும். கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்துக்கொண்டே போய் ஒன்பதாவது நிப்பிளில் கன்னை மாட்டி அழுத்துகிறேன். பழைய சிவப்பு பிதுங்கி வருகிறது. அதன் பின்னாலேயே புதிய கிரீஸ் வருகிறது. பச்சை!

டார்ச்சை அதன்மேல் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். சிவப்புக்கு நடுவில் பச்சை, வெற்றிலை போட்ட வாய்மாதிரி. ஹாங்கரில் அந்த மூலையில் வேறு யாரும் இல்லை. துணியால் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் என் மனசு சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "ரெண்டும் கிரீஸ்தானே." ஒன்பது வயதில் சாலையில் கேட்ட அதே வார்த்தை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எழுந்து போய் சீனியரிடம் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். "எத்தனை நிப்பிள்?" என்றார். "ஒன்பது சார்." "எது எதுன்னு காட்டு." ஒவ்வொன்றாக அவரே தொட்டுப் பார்த்தார். பிறகு ஒன்பது இணைப்புகளையும் கழற்றச் சொன்னார். கழற்றி, கரைப்பானில் கழுவி, துடைத்து, காயவைத்து, சரியான கிரீஸ் அடித்து, புதிது வெளியே வரும்வரை காத்திருந்து, அவர் பார்த்து, நான் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டார். காலை ஆறு மணி விமானம் ஒன்பதே காலுக்குப் போனது. என்ன நடந்தது என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதவைத்தார். "பச்சையும் நல்ல கிரீஸ்தானே சார்?" என்று விடிந்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: களிமண்ணில் கட்டிய கிரீஸும் சோப்பில் கட்டிய கிரீஸும் கலந்தால் சில சமயம் கட்டு விட்டுப்போகும், எண்ணெய் ஓடிவிடும். சில சமயம் ஒன்றும் ஆகாது. "இதுல எதுன்னு எனக்குத் தெரியாதுப்பா. அதான் கழட்டச் சொன்னேன்."

அவருக்கிருந்த அனுபவத்துக்கு, "ஒன்றும் ஆகாது, விடு" என்று சொல்லியிருக்கலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். தெரியாது என்று சொன்னார் பாருங்கள், அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இளைஞர்களே, எண்ணெயும் ஓர் உதிரிப்பாகம். போல்ட்டுக்கு எண் இருப்பதுபோல அதற்கும் எண் உண்டு. வேறு அளவு போல்ட்டை முறுக்க உங்கள் கை கூசும். அந்தக் கூச்சம் எண்ணெய்க்கும் வர வேண்டும். ஸ்டோரில் குறித்த சரக்கு இல்லையா? மாற்றுச் சரக்கு எது என்று மானுவலிலேயே சில இடங்களில் எழுதியிருக்கும். இருந்தால் போடுங்கள். எழுதவில்லையா? தயாரித்தவரைக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வரும்வரை விமானம் நிற்கட்டும். தரையில் நிற்கிற விமானத்தைப் பார்த்து மேலாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நிறத்தை நம்பாதீர்கள். அன்றைக்குப் பச்சை நிறம் என்னைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் நிறம் சாயம்தான். இரண்டு வேறு வேறு கிரீஸும் ஒரே நிறத்தில் வருவதுண்டு. அப்படி வந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. லேபிளை வாசியுங்கள். கன்னில் லேபிள் அழிந்திருந்தால் உள்ளே இருக்கிற கிரீஸ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கழித்துவிடுங்கள்.

தவறு செய்துவிட்டால்? போய்ச் சொல்லுங்கள். மேலதிகாரிகளாக இங்கே வந்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சொல்ல வருகிற பையனை முதலில் உட்காரவையுங்கள், தண்ணீர் கொடுங்கள். என் சீனியர் அன்றைக்குக் கன்னத்தில் அறைந்திருந்தால், அடுத்த தடவை நான் துணியை எடுத்துத் துடைத்திருப்பேனோ என்னவோ.

தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேலை பாக்கி. இந்த இரண்டு டப்பாக்களையும் இப்போது திறக்கிறேன். கூட்டம் கலைந்ததும் மாணவர்கள் வரிசையாக மேடைக்கு வாருங்கள். சிவப்பை வலது கைவிரலில் எடுங்கள், பச்சையை இடது கைவிரலில் எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்துப் பாருங்கள், எது எது என்று சொல்ல முடிகிறதா என்று. கை துடைக்கப் பழைய துணியும் சோப்பும் வாசலில் வாளிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.